கூட்ஸ் வண்டி எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால் கையில் பத்து நிமிஷம் நிச்சயம். எதிரே ஊர்ந்து போகும் ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் 11 இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். பெரிய முழு எண் ஒன்றை எடுத்து, அது எவற்றால் வகுபடும், எத்தனை காரணிகள் உண்டு, பகா எண்ணா இல்லையா என்று பார்த்துப் பழக இதைவிடத் தோதான சரக்கு கிடையாது. கைக்கு அடக்கமாக ஆறு இலக்கத்தில் வேண்டுமென்றால் பின்கோடு இருக்கவே இருக்கிறது.

வேண்டியது ஒரு தாள், ஒரு பேனா, 50-க்குள் இருக்கும் 15 பகா எண்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47. கால்குலேட்டர் சரிபார்க்க மட்டும். அதன் தொல்லைகள் தனிக்கதை, பிறகு வருகிறது.

இங்கே பிரிக்கப்போகும் எண் 40060434414. எந்த வேகனையும் பார்த்து எழுதியதல்ல, கணக்குக்காகக் கட்டியது.

எண்ணைத் தப்பில்லாமல் எழுதுவது

ஒரே ஒரு இலக்கம் பிசகினாலும் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வேறொரு எண்ணின் கணக்கு. வேகன் எண்ணில் இதற்கு உள்ளேயே ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். முதல் 2 இலக்கம் வேகனின் வகை (40 முதல் 49 வரை டேங்க் வேகன்), அடுத்த 2 எந்த ரயில்வேயின் வேகன் என்பது, அடுத்த 2 தயாரான ஆண்டு, பிறகு 4 இலக்கம் தனி எண், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம்.

சரிபார்ப்பது இப்படி. இடமிருந்து 2, 4, 6, 8, 10-ஆம் இடத்து இலக்கங்களைக் கூட்டுங்கள்: 0+6+4+4+1 = 15. அதை 3-ஆல் பெருக்கினால் 45. இனி 1, 3, 5, 7, 9-ஆம் இடங்கள்: 4+0+0+3+4 = 11. இரண்டும் சேர்ந்து 56. அடுத்த பத்தின் மடங்கான 60-ஐத் தொட 4 வேண்டும். கடைசி இலக்கம் 4 தான், ஆக எண் சரி. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் 13 இலக்க பார்கோடும் இதே 1, 3 எடையில்தான் ஓடுகிறது.

3-க்கும் 10-க்கும் பொதுக்காரணி இல்லாததால் எந்த ஒற்றை இலக்கப் பிழையும் இதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் எல்லாத் தடவையும் மாட்டும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 ஆக இருந்தால் (1-உம் 6-உம், 2-உம் 7-உம் போல) கூட்டுத்தொகை சரியாகப் பத்து தள்ளிப்போகும், காவல் தூங்கிவிடும். ஓரிடம் விட்டு ஓரிடம் மாறினால் சுத்தமாகத் தெரியாது: தனி எண் 3441-ஐ 4431 என்று எழுதினாலும் கடைசியில் அதே 4 தான் வரும்.

மூன்று மூன்றாக வெட்டுவது

நம் வழக்கப்படி கமா போட்டால் 40,06,04,34,414. படிக்கும்போது 4006 கோடியே 4 லட்சத்து 34 ஆயிரத்து 414. வாசிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அடுத்த வேலைக்கு இந்தக் கமா ஆகாது. வலது ஓரத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள்: 40 | 060 | 434 | 414.

வலக்கோடியிலிருந்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்ட வேண்டும்: 414 − 434 + 60 − 40 = 0.

இந்த ஒரு விடை மூன்று கேள்விக்குப் பதில். 7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதனால் ஒவ்வொரு மூன்றிலக்கக் கட்டும் ஒரு தடவை கூட்டல், ஒரு தடவை கழித்தல் என்று மாறி மாறி நிற்கிறது. வந்த விடை 7-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் 7-ஆல் வகுபடும். 11, 13 இரண்டுக்கும் அதே நியாயம். இங்கே 0 வந்ததால் மூன்றும் ஒரே அடியில் கிடைத்துவிட்டன.

நம் ஊர்க் கமாவிலேயே இதைச் செய்து பார்த்தால் 414 − 34 + 4 − 6 + 40 = 418 வரும். 418-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5, 13-ஆல் வகுத்தால் மீதி 2. இரண்டும் காரணி இல்லை என்று தப்பாகத் தீர்ப்பாகிவிடும். 418 என்பது 11 × 38 ஆனதால் 11 மட்டும் தற்செயலாகத் தப்பிக்கும். இந்தக் கணக்கில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

இரண்டிரண்டாக வெட்டினால் வேறு பலன் உண்டு. 4 | 00 | 60 | 43 | 44 | 14. சும்மா கூட்டினால் 165. அது 3-ஆலும் 11-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது. முழு எண்ணுக்கும் அதுவே விதி. மாற்றி மாற்றிக் கழித்தால் 14 − 44 + 43 − 60 + 0 − 4 = −51. இது 101-ஆல் வகுத்தால் வரும் மீதியைச் சொல்கிறது: 101 − 51 = 50. இந்த 50-ஐத் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

கிடைத்ததும் வகுத்துவிட வேண்டும்

ஒரு காரணி தெரிந்ததும் அதை ஓரமாக எழுதி, எண்ணை அதனால் வகுத்து, மிச்சத்தோடு மட்டும் மேலே போக வேண்டும். பழைய பெரிய எண்ணையே பிடித்துத் தொங்கினால் வேலை முடியவே முடியாது. எவ்வளவு பாடு படவேண்டும் என்பதை ஆரம்பித்த எண் தீர்மானிப்பதில்லை, கையில் மிச்சம் இருக்கும் எண்தான் தீர்மானிக்கிறது. இந்த முறையின் உயிர்நாடியே இதுதான்.

40060434414 ÷ 1001 = 40020414. (40020414000-உடன் 40020414-ஐக் கூட்டிப் பாருங்கள்.) ஓரத்தில் 7, 11, 13.

40020414 இரட்டை எண். ÷ 2 = 20010207. இலக்கக் கூட்டுத்தொகை 12, எனவே 3-ஆல் வகுபடும்: 6670069. இதன் கூட்டுத்தொகை 34, இன்னொரு 3 கிடையாது. 5-இல் முடியும் எண்ணும் இல்லை.

இப்போது 7-ஐ மறுபடி பார்க்க வேண்டும். ஒரு தடவை எடுத்தாயிற்றே என்று விட்டுவிடுவதுதான் இரண்டாவது பெரிய சறுக்கல். 6 | 670 | 069: 69 − 670 + 6 = −595. 595 என்பது 7 × 85. ஆக 7 இன்னொரு தடவை போகிறது: 6670069 ÷ 7 = 952867. திரும்பவும் வெட்டினால் 867 − 952 = −85; 85 இனி 7-ஆலும் இல்லை, 11-ஆலும் இல்லை, 13-ஆலும் இல்லை. மூன்றும் தீர்ந்தன.

17-க்கு ஒரு கைவழி உண்டு: கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி, மிச்ச எண்ணிலிருந்து கழியுங்கள். 95286 − 35 = 95251. 9525 − 5 = 9520. 952 − 0 = 952. 95 − 10 = 85, அதாவது 17 × 5. வகுபடுகிறது: 952867 ÷ 17 = 56051. இன்னொரு 17 போட்டால் மீதி 2. 19 போட்டால் மீதி 1.

23-க்கு கடைசி இலக்கத்தை 7-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 5605 + 7 = 5612; 561 + 14 = 575; 57 + 35 = 92. 92 என்பது 23 × 4. ஆக 56051 ÷ 23 = 2437.

கழிப்பதா கூட்டுவதா என்று குழம்பினால் மனப்பாடத்தை நம்பாமல் காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 17-இன் மடங்குகளில் 51 ஒன்றில் முடிகிறது, அதன் முன்பகுதி 5, அதனால் 5 மடங்கைக் கழிக்கிறோம். 23-இன் மடங்கில் 69 ஒன்பதில் முடிகிறது, 70-க்கு ஒன்று குறைவு, அதனால் 7 மடங்கைக் கூட்டுகிறோம்.

எங்கே நிறுத்துவது

2437 பகா எண்ணா? 53 × 53 = 2809, இது 2437-ஐத் தாண்டிவிட்டது. அதனால் 47 வரை பார்த்தால் போதும். 23 திரும்பவும் போகாது, மீதி 22. 29-க்கு மீதி 1, 31-க்கு 19, 37-க்கு 32, 41-க்கு 18, 43-க்கு 29, 47-க்கு 40. எதுவும் வகுக்கவில்லை, ஆக 2437 பகா எண். சிலர் 43-உடன் நிறுத்திவிடுவார்கள்; 47 × 47 = 2209 இன்னும் 2437-க்குள் இருப்பதால் 47-ஐயும் பார்த்தே ஆகவேண்டும்.

40060434414 = 2 × 3 × 7² × 11 × 13 × 17 × 23 × 2437

எண்ணைச் சுருக்காமல் போயிருந்தால் அதன் வர்க்கமூலமான சுமார் 200151 வரை பார்க்க வேண்டியிருக்கும். 2 லட்சத்துக்குள் பகா எண்கள் மட்டும் 17984. சுருக்கிக்கொண்டே வந்ததால் 15 எண்ணோடு முடிந்தது. எல்லா எண்ணும் இப்படிக் கருணை காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது பிரிவதற்கென்றே கட்டிய எண்.

இப்போது சரிபார்ப்பு. 9-ஆல் வகுத்த மீதியைப் பார்ப்பது பழைய முறை: காரணிகளின் மீதிகள் 2, 3, 4 (49-க்கு), 2, 4, 8, 5, 7. பெருக்கிப் பெருக்கிச் சுருக்கினால் 3. மூல எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 30, அதுவும் 3. ஆனால் இலக்கங்கள் இடம் மாறினால் 9 கண்டுபிடிக்காது. அதற்குத்தான் ஓரத்தில் குறித்த 50. அதே காரணிகளை 101-ஆல் மீதி எடுத்துப் பெருக்குங்கள்: 2 × 3 × 49 = 294, மீதி 92; × 11, மீதி 2; × 13 = 26; × 17 = 442, மீதி 38; × 23 = 874, மீதி 66; 2437-க்கு மீதி 13, 66 × 13 = 858, மீதி 50. பொருந்துகிறது. இரண்டு சோதனையும் தேறினால் நிம்மதியாக மேலே போகலாம்.

பிரித்த பிறகு கிடைப்பவை

காரணிகளின் எண்ணிக்கை: ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 7-இன் அடுக்கு 2, அதற்கு 3. மற்ற ஏழு பகா எண்களுக்கும் தலா 2. 3 × 128 = 384 காரணிகள்.

384 அதிகமா? 1912 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க்காகச் சேர்ந்த ராமானுஜனைத்தான் இதற்குக் கேட்கவேண்டும். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண்களைப் பற்றி 1915-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் அந்தத் துறைக்கு அடித்தளம். அந்த வகை எண்களில் ஒன்றான 6983776800, நம் எண்ணில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அதன் காரணிகளோ 2304. அதன் பிரிப்பு 2⁵ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19. வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது: சின்னப் பகா எண்கள் பெரிய அடுக்கில், நடுவில் ஒன்றும் விடுபடாமல். நம் எண்ணில் 5 இல்லை, 19 இல்லை, 2-உம் 3-உம் ஒவ்வொன்றுதான். 2437 என்ற ஒற்றைக் காரணி இடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு மடங்குக்கு மேல் ஒன்றும் தரவில்லை.

காரணிகளின் கூட்டுத்தொகை: அடுக்கு 1 என்றால் பகா எண்ணோடு ஒன்று கூட்டினால் போதும், 7²-க்கு 1 + 7 + 49 = 57. ஆக 3 × 4 × 57 × 12 × 14 × 18 × 24 × 2438 = 121027156992. எண்ணை நீக்கினாலும் 80966722578, எண்ணைவிடப் பெரிது; எனவே இது மிகை எண். 7²-க்கு 8 × 8 = 64 என்று போட்டுவிடுவது வழக்கமான பிழை.

இந்த எண்ணோடு பொதுக்காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்பது ஆய்லர் சார்பு: 1 × 2 × 42 × 10 × 12 × 16 × 22 × 2436 = 8643317760.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரட்டைப்படை அடுக்கில் இருக்கவேண்டும். 7 தேறுகிறது, 3-உம் 11-உம் 23-உம் தேறவில்லை. ஒன்று தேறாவிட்டாலே போதும்: முடியாது.

கருவிகள் எங்கே கவிழ்க்கும்

கடைகளில் இருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டர் இந்த எண்ணைத் தாங்கும். 10 இலக்கம் காட்டும் சயின்டிபிக் கால்குலேட்டர் 4.006043441 × 10¹⁰ என்று காட்டி கடைசி 4-ஐ முழுங்கிவிடும். அந்த இலக்கம் இல்லாமல் இரட்டையா ஒற்றையா என்பதுகூடத் தெரியாது. எக்செல் 15 இலக்கம் வரை நேர்மையாக நடக்கும், 16-ஆவது இலக்கத்திலிருந்து பூஜ்யம் போட்டு நிரப்பும். சி என்ற நிரல் மொழியில் முழு எண் வைக்கும் 32 பிட் இடத்தில் (இன்ட்) இந்த எண்ணைத் திணித்தால் பொதுவாக 1405728750 என்று மாறி நிற்கும், புகார் எதுவும் சொல்லாது. இந்த எண்ணுக்கு 36 பிட் தேவை. பைத்தான் நிரல் மொழியில் எத்தனை இலக்கமானாலும் தொல்லை இல்லை. லினக்ஸில் ஃபேக்டர் என்ற கட்டளைக்குப் பிறகு எண்ணை அடித்தால் காரணிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும்.

பின்கோடுகள்

வடசென்னைப் பின்கோடுகள் எல்லாம் 600 என்று தொடங்குவதால் ஒரு குறுக்குவழி. 600000-ஐ ஒவ்வொரு பகா எண்ணாலும் ஒரே ஒரு தடவை வகுத்து மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 7-க்கு 2, 11-க்கு 5, 13-க்கு 11, 17-க்கு 2, 19-க்கு 18, 23-க்கு 22. இனி அந்த மீதியோடு பின்கோடின் கடைசி மூன்றிலக்க எண்ணை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதும். திருவொற்றியூர் 019: 2 + 19 = 21, 7-ஆல் வகுபடும். மணலி 068: 2 + 68 = 70, அதுவும். வியாசர்பாடி 039: 5 + 39 = 44, 11-ஆல் வகுபடும். பாரிமுனை 001: 19-க்கு 18 + 1, 23-க்கு 22 + 1, இரண்டும் ஒரே நேரத்தில்; 600001 = 19 × 23 × 1373. பழைய வண்ணாரப்பேட்டை 600021 = 3³ × 71 × 313.

ராயபுரம் 600013 கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும், 47 வரை ஒன்றும் கிடைக்காது. அடுத்த 53 வகுக்கும்: 53 × 11321. 11321-க்கு 103 வரை பார்த்தால் அது பகா எண் என்று தெரியும். இரண்டு காரணிகளுமே 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை, அதனால் ராயபுரத்தை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்கலாம், அதுவும் சரியாக இரண்டு விதமாக. 53 = 7² + 2², 11321 = 85² + 64². இவற்றைக் குறுக்கே பெருக்க வேண்டும்: 7 × 85 = 595, 2 × 64 = 128, 7 × 64 = 448, 2 × 85 = 170. 595 + 128 = 723, 448 − 170 = 278. குறிகளை மாற்றிப் போட்டால் 467, 618. ஆக 600013 = 723² + 278² = 467² + 618².

பெரம்பூர் 600011-இல் எதுவுமே வகுக்காது. 773 வரையுள்ள 137 பகா எண்களையும் போட்டுப் பார்த்தால் அது பகா எண் என்று முடிவாகும். கையால் செய்ய ஒரு மத்தியானம் போகும். இதைவிடப் பெரிய எண்ணுக்குப் ஃபெர்மா சோதனை: எண் n பகா எண் என்றால் 2-ஐ n − 1 தடவை பெருக்கி n-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். வர்க்கம் எடுத்து எடுத்து மீதி பார்த்தால் பெரம்பூருக்கு 19 வர்க்கத்தில் வேலை முடியும். 1 வராவிட்டால் நிச்சயம் பகு எண். 1 வந்தால் மட்டும் உடனே நம்பிவிடக் கூடாது. ராமானுஜனோடு பேர் ஒட்டிக்கொண்ட 1729-ஏ இந்தச் சோதனையை ஏமாற்றும்: 7 × 13 × 19 ஆக இருந்தும், இந்த மூன்றோடும் பொதுக்காரணி இல்லாத எந்த அடியில் (அதாவது 2-க்குப் பதிலாகப் பெருக்கும் எண்ணில்) சோதித்தாலும் பகா எண் போலவே நடிக்கும். வர்க்கம் எடுக்கும் வழியிலேயே 1 எங்கிருந்து வந்தது என்று கவனிக்கும் மில்லர்–ராபின் சோதனையில் அது பிடிபட்டுவிடும். 2, 3, 5, 7, 11 என்ற ஐந்து அடிகளில் சோதித்துத் தேறினால் 2152302898747-க்குக் கீழே உள்ள எந்த எண்ணும் சந்தேகமில்லாமல் பகா எண்தான். 11 இலக்க வேகன் எண்கள் எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கும். கான்பூர் ஐஐடியில் 2002-இல் அக்ரவால், கயால், சக்சேனா மூவரும் கண்டுபிடித்த பகா எண் சோதனை முறை கோட்பாட்டில் பெரிய பாய்ச்சல், ஆனால் அன்றாட வேலைக்கு மில்லர்–ராபின்தான் வேகம்.

எண்ணூர் 600057-ஐ உங்களுக்கே விட்டுவிடலாம். 9-ஆல் வகுபடும், பிறகு 61. மிச்சம் நிற்பது 1093. 2-ஐ 1092 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 1093-ஆல் வகுபடும் என்பதில் வியப்பில்லை, 1093-இன் வர்க்கத்தாலும் வகுபடும் என்பதுதான் வியப்பு. 1913-இல் மைஸ்னர் என்ற கணிதவியலாளர் இதைக் கண்டார். இப்படி நடக்கும் பகா எண்களில் இதுவரை தெரிந்தவை இரண்டே இரண்டு, இன்னொன்று 3511.